வோல்டேஜை ஏற்றாமல் பிக்கப்பை ஏற்றுவது: வடசென்னை ரோட்டுக்கு எலக்ட்ரிக் பைக்கைத் தயார்செய்யும் முறை

வடசென்னையில் மேடு என்றால் பாலம்தான். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டிப் போனாலும், வியாசர்பாடி வழியாக மாதவரம் போனாலும் தரை ஒரே சமம். பேசின் பிரிட்ஜ், மிண்ட், பெரம்பூர், மூலக்கடை மேம்பாலங்களில் ஏறும்போதுதான் ஹப் மோட்டார் வண்டி, அதாவது சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் உள்ள வண்டி, திணறும். அதுவும் பின்னால் ஒரு ஆளோ, இரண்டு தண்ணீர் கேனோ இருந்தால் நன்றாகவே தெரியும். இன்னொரு இடம் சிக்னல். கன்டெய்னர் லாரிக்கு முன்னால் நிற்கிறவர், பச்சை விழுந்ததும் அதன் பாதையை விட்டுச் சட்டென்று விலக வேண்டும். இந்த ரோட்டில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ என்று கேட்கத் தகுந்தது இந்த இரண்டும்தான். 80 கி.மீ. வேகத்துக்கு இங்கே இடமில்லை.

ஆனால் பட்டறைக்கு வண்டியோடு வருகிறவர்கள் முதலில் கேட்பது, “60 வோல்ட்டை 72 ஆக்கிடலாமா?” என்பதுதான். வேண்டாம் என்பதற்குக் கணக்கே பதில் சொல்கிறது. வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 180 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 கி.மீ. வேகத்தில் போக சக்கரத்தில் சுமார் 1 கிலோவாட் போதும். 60 கி.மீ.க்கு 2.1 கிலோவாட். 80 கி.மீ.க்கு 4.5 கிலோவாட். காற்றை எதிர்க்கத் தேவைப்படும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுவதால்தான் இப்படி. வோல்டேஜை ஏற்றினால் டாப் ஸ்பீடு கூடும், மைலேஜ் விழும், மோட்டார் சூடாகும். பேட்டரியிலிருந்து மோட்டாருக்குக் கரன்ட்டை அளந்து விடும் கன்ட்ரோலரில் கரன்ட் அளவு மாறாத வரை, நின்ற இடத்திலிருந்து புறப்படும் இழுவை அப்படியேதான் இருக்கும்.

பாலத்தின் கணக்கையும் பார்த்துவிடலாம். இரண்டு பேரோடு மொத்தம் 250 கிலோ. 100 மீட்டருக்கு 4 மீட்டர் உயரும் சரிவில் 40 கி.மீ. வேகத்தில் ஏற, சக்கரத்தில் சுமார் 2 கிலோவாட் வேண்டும். மோட்டார், கன்ட்ரோலர் இழப்பைச் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 2.3 கிலோவாட்டுக்கு மேல் வர வேண்டும். 60 வோல்ட் நின்று கொடுத்தால் 39 ஆம்பியர். அதே பேட்டரி லோடில் 54 வோல்ட்டுக்கு இறங்கினால் 43 ஆம்பியர். இந்த வகை வண்டிகளின் கன்ட்ரோலர் பலவும் 40 ஆம்பியரை ஒட்டித்தான் நிறுத்தும். ஆக, வண்டி பாலத்தில் திணறுவதற்குப் பெரும்பாலும் மோட்டாரின் பலவீனம் காரணமல்ல. வழியில் தொலைந்துபோகிற அந்த 6 வோல்ட்தான் காரணம். அதை மீட்பதுதான் முதல் வேலை, மிச்சமெல்லாம் அதற்குப் பிறகு.

எந்த வண்டிக்கு இது, எதற்கு இல்லை

கீழே சொல்வது 48, 60, 72 வோல்ட்டில் ஓடும் சாதாரண ஹப் மோட்டார் பைக், ஸ்கூட்டர்களுக்கு. லெட் ஆசிட் பேட்டரியோடு வந்த பழைய வண்டிகளும் இதில் அடங்கும். ஆப், டச் ஸ்கிரீன், சீல் வைத்த பேட்டரி என்று வரும் புதிய கம்பெனி வண்டிகளைத் திறக்காதீர்கள். அவற்றில் பேட்டரியும் கன்ட்ரோலரும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டேதான் ஓடும். ஒன்றை மாற்றினால் மற்றது பூட்டிக்கொள்ளும், வாரன்டியும் போகும்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. 182ஏ பிரிவு மீறலுக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது. அதனால் மோட்டாரின் பதிவான வாட், வண்டியின் பதிவான வேகம் இரண்டையும் இந்த வழிமுறை தொடாது. கன்ட்ரோலரையோ பேட்டரியையோ மாற்றும் எண்ணம் இருந்தால், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் இன்சூரன்ஸ் கம்பெனியிலும் எழுத்தில் கேட்டுவிட்டு இறங்குங்கள். 250 வாட், 25 கி.மீ. வகையில் நம்பர் பிளேட் இல்லாமல் ஓடும் வண்டியின் வேகத்தை ஏற்றவே ஏற்றாதீர்கள். ஏற்றிய அந்த நிமிஷத்திலிருந்து அது பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். அது யார்மீதாவது மோதினால் நஷ்டஈட்டை ஓட்டியவர் குடும்பமே சுமக்க வேண்டிவரும்.

கைவைக்கும் முன்

60 வோல்ட் பேட்டரி முழு சார்ஜில் 70 வோல்ட்டைத் தாண்டும். இது வியர்த்த கையில் ஷாக் அடிக்கிற அளவுதான். மோதிரம், வாட்ச், கைச்சங்கிலி எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஸ்பேனர் பிடியில் நுனி மட்டும் தெரியும்படி இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்று சுற்றுங்கள். பேட்டரியைத் துண்டித்த பிறகும் கன்ட்ரோலரின் கெப்பாசிட்டரில் சார்ஜ் நிற்கும். 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை அதன் பிளஸ், மைனஸ் இடையே ஐந்து விநாடி வைத்து, மீட்டரில் 5 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்த பிறகே தொடுங்கள்.

அதே ரெசிஸ்டர் திரும்ப மாட்டும்போதும் வேண்டும். பேட்டரியை நேராகச் செருகினால் காலியான கெப்பாசிட்டர் ஒரே இழுப்பில் நிரம்பும். ‘பட்’டென்று தீப்பொறி பறந்து கனெக்டரின் முனை கருகும். கருகிய முனை அடுத்த மாதம் சூடாகும். முதலில் ரெசிஸ்டர் வழியாக இரண்டு விநாடி நிரப்பிவிட்டு, பிறகு நேரடியாக மாட்டுங்கள்.

மல்டிமீட்டரும் கிளாம்ப் மீட்டரும் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போதும். கிளாம்ப் மீட்டர் டி.சி. கரன்ட்டை அளக்குமா என்று கேட்டு, கடையிலேயே சோதித்து வாங்குங்கள். விலை குறைந்தவற்றில் பல ஏ.சி.யை மட்டுமே அளக்கும், பைக்குக்கு அது உதவாது.

தொலைந்த வோல்ட்டைத் தேடுவது

பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து ஒரு மணி நேரம் விட்டு அதன் வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு மீட்டரை டேங்க்மேல் டேப் போட்டு ஒட்டி, நண்பரைப் பின்னால் உட்காரவைத்து, ஆளில்லாத நேரத்தில் ஒரு பாலம் ஏறுங்கள். மீட்டரைப் பார்ப்பது பின்னால் இருப்பவர் வேலை, ஓட்டுபவர் ரோட்டை மட்டும் பார்க்க வேண்டும். முதல் ஓட்டம் மீட்டரை பேட்டரி முனையில் மாட்டி, இரண்டாவது ஓட்டம் கன்ட்ரோலர் முனையில் மாட்டி. மீட்டர் வயரில் ஒரு சின்ன ஃபியூஸ் இருக்கட்டும்.

உதாரணமாக, ஓய்வில் 65 வோல்ட். 40 ஆம்பியர் இழுக்கும்போது பேட்டரி முனையில் 59, கன்ட்ரோலர் முனையில் 57 என்று வருகிறது. பேட்டரிக்குள்ளே 6 வோல்ட் போகிறது, வயரிலும் ஜாயின்ட்டிலும் 2 வோல்ட் போகிறது. 40 ஆம்பியரில் 2 வோல்ட் என்றால் 80 வாட். சால்டரிங் அயர்ன் ஒன்றை சீட்டுக்கடியில் எரியவிட்டதற்குச் சமமான சூடு அது. கேபிள் பாதை முழுவதற்கும் அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தால் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

சென்டர் ஸ்டாண்டில் போட்டு பிரேக்கை அழுத்திக்கொண்டு ஆக்சிலேட்டரைத் திருகி லோடு கொடுத்துப் பார்ப்பது சிலரின் வழக்கம். செய்யாதீர்கள். சக்கரம் சுற்றாதபோது கரன்ட் முழுவதும் கன்ட்ரோலருக்குள் இருக்கும் இரண்டு மூன்று மாஸ்ஃபெட் (கரன்ட்டைத் திறந்து மூடும் சிப்) வழியாகவே போய்க்கொண்டிருக்கும். சில விநாடியில் அவை வெடிக்கும்.

செலவில்லாமல் கிடைப்பது

சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுழற்றுங்கள். டிரம் பிரேக் உரசுகிற சத்தம் கேட்டால் லிவரைத் தளர்த்துங்கள். பேரிங்கில் மணல் அரைபடும் சத்தம் வந்தால் மாற்றுங்கள், இரண்டு பக்கமும் ரப்பர் சீல் வைத்த வகையாகப் பார்த்து. டயர் காற்று கம்பெனி சொன்ன அளவில் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்ப்பதால் கிடைக்கும் மைலேஜ், பல ஆயிரம் கொடுத்து வாங்கும் சாமானிலும் கிடைக்காது.

பிரேக் ஷூ தேய்ந்திருந்தால் முதலில் அதை மாற்றிவிடுங்கள். பிக்கப்பை ஏற்றிய வண்டி, அடுத்த சிக்னலுக்கு அதிக வேகத்தில் போய்ச் சேரும். எண்ணூர் நெடுஞ்சாலையில் முன்னால் போகிற டிரெய்லர் எப்போது பிரேக் போடும் என்று யாருக்கும் தெரியாது.

வயரும் ஜாயின்ட்டும்

இந்தப் பகுதியில்தான் பொறுமை வேண்டும். காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் ஓடும் வண்டியில் செம்பு லக் (கேபிள் முனையில் போல்ட் மாட்டும் வளையம்) ஒரே மழைக்காலத்தில் களிம்பு பிடித்துப் பச்சையாகிவிடும். உப்புக்காற்று ஒருபுறம், மீன் வண்டிகளிலிருந்து ரோட்டில் சொட்டும் ஐஸ் தண்ணீர் இன்னொருபுறம். களிம்பு ஏறிய ஒரு லக் 20 மில்லி ஓம் காட்டினால், 40 ஆம்பியரில் 0.8 வோல்ட் அங்கேயே நின்றுவிடும். 32 வாட் சூடு ஒரு விரல்நுனி அளவு இடத்தில் சேரும். பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் உருகுவது இதனால்தான்.

பேட்டரியிலிருந்து கன்ட்ரோலருக்கு 10 சதுர மி.மீ. சிலிக்கான் உறை கேபிள் போடுங்கள். ஏற்கெனவே 6 சதுர மி.மீ. நல்ல நிலையில் இருந்தால், கேபிளை மாற்றுவதால் மட்டும் பெரிய லாபம் இல்லை. போக வர 3 மீட்டருக்கு 40 ஆம்பியரில் 0.37 வோல்ட் இழப்பது 0.22 ஆகும், அவ்வளவுதான். லாபமெல்லாம் ஜாயின்ட்டில் இருக்கிறது. அதனால் பழைய ஜாயின்ட்டுகளை எண்ணுங்கள். பேட்டரி முனை, கனெக்டர், எம்.சி.பி. (கரன்ட் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்), கன்ட்ரோலர் முனை என்று நான்கோடு நிற்க வேண்டும். நடுவில் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது.

லக் ஈயம் பூசியதாக இருக்கட்டும், வெறும் செம்பு வேண்டாம். கேபிளை உரித்து, இழை ஒன்றுகூட வெட்டுப்படாமல் லக்குக்குள் முழுதாக இறக்கி, ஹைட்ராலிக் கிரிம்பிங் டூலால் அழுத்துங்கள். பாரிமுனை ஹார்டுவேர் கடைகளில் இந்த டூல் கிடைக்கும். வாங்க வேண்டாம் என்றால் கேபிளை எடுத்துப்போய் எலக்ட்ரிக் பேனல் செய்யும் கடையில் அடித்து வாங்கலாம். கட்டிங் பிளேயரால் நசுக்கியது கிரிம்ப் ஆகாது. சரியாக அடித்த லக்கைக் கையால் முழு பலத்தோடு இழுத்தாலும் அசையாது. பற்றவைத்து இணைப்பதும் வேண்டாம். ஈயம் கேபிளின் இழைகளுக்குள் ஏறி அந்த இடத்தை விறைப்பாக்கும், அதிர்வில் இழைகள் அந்த விளிம்பில் ஒவ்வொன்றாக முறியும். அதன் பிறகு பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ், போல்ட் முறுக்கி முடித்த பின் மேலே மெல்லிய டை-எலக்ட்ரிக் கிரீஸ். கிரீஸை முறுக்குவதற்கு முன் இரண்டு உலோகத்துக்கு நடுவே அப்பிவிடாதீர்கள்.

ஃபியூஸில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கார் ஆடியோவுக்கு விற்கும் தட்டை ஃபியூஸ் பெரும்பாலும் 32 வோல்ட்டுக்குச் செய்தது. 70 வோல்ட்டில் அது உருகினாலும் நடுவில் ஆர்க் பிடித்துக் கரன்ட் தொடர்ந்து போகலாம். வீட்டு எம்.சி.பி.யிலும் இதே சிக்கல். ஏ.சி. மின்சாரம் நொடிக்கு நூறு முறை சுழியைத் தொடுவதால் அதில் ஆர்க் தானே அணையும், டி.சி.யில் அணையாது. டி.சி. என்று எழுதிய, குறைந்தது 100 வோல்ட் தாங்கும் 60 ஆம்பியர் ஃபியூஸை பேட்டரி பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். டி.சி. எம்.சி.பி. சிலவற்றில் பிளஸ், மைனஸ் பக்கம் குறித்திருக்கும். மாற்றி மாட்டினால் ஆர்க் அணையாமல் பெட்டியே எரியும்.

மோட்டாருக்குள்

ஹப் மோட்டாரைத் திறப்பது எல்லோருக்கும் தேவையில்லை. ஆனால் கரன்ட்டை ஏற்றப் போகிறீர்கள் என்றால், உள்ளே வெப்பநிலை சென்சார் இல்லாமல் ஏற்றாதீர்கள். வெளி மூடியைத் தொட்டுப் பார்த்து உள்சூட்டை அறிய முடியாது. காயிலுக்கும் மூடிக்கும் நடுவில் காற்று இருப்பதால், வெளியே 60 டிகிரி இருக்கும்போது உள்ளே 120ஐத் தாண்டியிருக்கலாம்.

மூடிக்கும் உடம்புக்கும் குறுக்கே மார்க்கரால் ஒரு கோடு போட்டுவிட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். கேபிள் வராத பக்கத்து மூடியை முதலில் எடுக்க வேண்டும். பிறகு ஆக்சிலை புல்லர் வைத்து நிதானமாகத் தள்ளி ஸ்டேட்டரை (காயில் சுற்றிய உள்பாகத்தை) வெளியே எடுங்கள். சுத்தியலால் தட்டினால் காந்தம் உடையும். காந்தம் ஸ்டேட்டரைத் திரும்ப இழுக்கும் வேகத்தில் விரல் நடுவே மாட்டினால் எலும்பு நொறுங்கும், கையை எப்போதும் வெளிவிளிம்பில் மட்டும் வையுங்கள். தரையில் இரும்புத் தூள் இருக்கும் பட்டறையில் இந்த வேலை வேண்டாம். வீட்டில் பழைய வேட்டியை விரித்து அதன்மேல் செய்யுங்கள்.

வெப்பநிலை சென்சாராக 10 கிலோ ஓம் என்டிசி தெர்மிஸ்டரை இரண்டு காயிலுக்கு இடையே செருகி, 150 டிகிரிக்கு மேல் தாங்கும் எப்பாக்ஸியால் ஒட்டுங்கள். ஹால் சென்சார் (காந்தம் எங்கே நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்வது) கேபிளில் ஐந்து வயர் போக ஆறாவதாக ஒன்று சும்மா இருந்தால் அதை இதற்குப் பயன்படுத்தலாம். மற்ற முனையை ஹால் சென்சாரின் கிரவுண்டோடு சேர்க்க வேண்டும்.

ஹால் சென்சார் வயர்களில் பிளவு இருந்தால் இப்போதே மாற்றுங்கள். ஆக்சில் துளை வழியாக மோட்டார் காயிலுக்குக் கரன்ட் கொண்டுவரும் ஃபேஸ் வயர் பலவற்றில் 4 சதுர மி.மீ.தான் இருக்கும். புறப்படும்போது காயிலில் பேட்டரி கரன்ட்டைவிட அதிகம் ஓடும், காரணம் கன்ட்ரோலர் பகுதியில் வரும். அப்படி 140 ஆம்பியர் போகும்போது அதில் மீட்டருக்கு 90 வாட் சூடாகும். டெஃப்லான் உறை வயரின் தோல் மெல்லியது என்பதால், அதே துளையில் அதிகச் செம்பு நுழையும். துளையின் வாயில் வயர் உரசும் இடத்துக்குக் கண்ணாடி இழை ஸ்லீவ் போடுங்கள். அங்கே உறை கிழிந்து இரண்டு ஃபேஸ் ஒட்டினால் சக்கரம் ஓட்டத்திலேயே இறுகிப் பிடிக்கும்.

மூடும்போது விளிம்பில் நியூட்ரல் வகை சிலிக்கான் பூசுங்கள். வினிகர் வாசம் அடிக்கும் சாதாரண சிலிக்கான் காயும்போது அமிலம் விடும், செம்பையும் சென்சாரின் கால்களையும் அரிக்கும்.

ஆக்சிலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும் அதே விசையோடு ஆக்சிலைப் பின்னால் முறுக்குகிறது. 140 ஆம்பியரில் இது 100 நியூட்டன் மீட்டரைத் தாண்டும். நட்டு மட்டும் தாங்காது. ஆக்சில் ஸ்விங் ஆர்மில் சுழன்றால் ஃபேஸ் வயர் அறுந்து கன்ட்ரோலரும் போகும். 6 மி.மீ. இரும்புத் தகட்டில், ஆக்சிலின் தட்டைப் பக்கத்துக்கு ஆட்டமில்லாமல் பொருந்தும் துளையோடு, ஆக்சிலைச் சுழலவிடாமல் பிடிக்கும் டார்க் ஆர்ம் இரண்டு வெட்டி இரு பக்கமும் மாட்டுங்கள். துளை அரை மி.மீ. பெரிதாக இருந்தாலும், ஒவ்வொரு சிக்னலிலும் ஆக்சில் கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தின்னும்.

கன்ட்ரோலர் அமைப்பு

வோட்டால், ஃபார்டிரைவர், கெல்லி போன்ற கன்ட்ரோலர்களில் லைன் கரன்ட், ஃபேஸ் கரன்ட் என்று இரண்டு அளவு தனித்தனியாக இருக்கும். லைன் கரன்ட் என்பது பேட்டரியிலிருந்து வருவது. ஃபேஸ் கரன்ட் மோட்டார் காயிலில் ஓடுவது, இழுவையை இதுவே தருகிறது. புறப்படும்போது மோட்டார் மெதுவாகச் சுற்றுவதால், கன்ட்ரோலர் வோல்டேஜைக் குறைத்துக் கரன்ட்டைப் பெருக்கித் தரும். பேட்டரியில் 15 ஆம்பியர் ஓடும்போதே காயிலில் 120 ஓடலாம்.

ஃபேஸ் கரன்ட்டை 100லிருந்து 140 ஆக்கினால் நின்ற இடத்திலிருந்து வரும் தள்ளல் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடும். ஆனால் லைன் கரன்ட் 40 என்று நின்றுவிட்டால் அந்தப் பலன் முதல் 12, 15 கி.மீ. வேகம் வரைதான். அதற்கு மேல் 60 வோல்ட் பெருக்கல் 40 ஆம்பியர் என்ற 2.4 கிலோவாட்டே எல்லை. சிக்னலுக்கு ஃபேஸ், பாலத்துக்கு லைன் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

எதையும் மாற்றும் முன் பழைய அமைப்பு முழுவதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புதுக் கன்ட்ரோலராக இருந்தால், சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி வைத்து ஹால் கோணம் கற்கும் வேலையை முதலில் ஓட்டுங்கள். வயர் நிறங்களை நம்பாதீர்கள், ஒவ்வொரு கம்பெனிக்கும் வரிசை வேறு. சக்கரம் லோடில்லாமல் முழு வேகத்தில் சுற்றும்போது பேட்டரியிலிருந்து 1 முதல் 3 ஆம்பியர் வந்தால் சரி. 5க்கு மேல் போனாலோ, மோட்டார் உறுமினாலோ, ஃபேஸ் வரிசை தவறு. அப்படியே ரோட்டில் இறக்கினால் முதல் கிலோமீட்டரிலேயே காயில் வெந்துவிடும்.

லைன் கரன்ட் பேட்டரியின் பி.எம்.எஸ். (செல்களைக் காக்கும் சர்க்யூட்) தொடர்ச்சியாகத் தாங்கும் அளவில் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது. பி.எம்.எஸ். 50 ஆம்பியர் என்றால் 37 வையுங்கள். அதை மீறினால் பாலத்தின் நடுவில், பின்னால் லாரி வரும்போது பி.எம்.எஸ். மொத்தமாக அணையும். ஃபேஸ் கரன்ட்டைப் பத்துப் பத்து சதவீதமாக ஏற்றி, ஒவ்வொரு முறையும் வழக்கமான பாதையில் ஓட்டி வெப்பத்தைக் குறியுங்கள். கரன்ட் 40 சதவீதம் ஏறினால் காயிலின் சூடு ஏறக்குறைய இருமடங்கு. செம்பு சூடாகச் சூடாக அதன் தடையும் ஏறும், 100 டிகிரி கூடினால் தடை 39 சதவீதம் கூடும்.

வெப்பக் கட்டுப்பாட்டை 100 டிகிரியில் கரன்ட் குறையத் தொடங்கி 120இல் நிற்கும்படி வையுங்கள். சாதாரண ரகக் காந்தம் 80 டிகிரிக்கு மேல் போனாலே வலு இழக்கக்கூடும், காயிலைவிடக் காந்தம் குளிர்ச்சியாக இருப்பதால்தான் இவ்வளவு இடம் கிடைக்கிறது. மே மாதத்தில் நிழலிலேயே 40 டிகிரி இருக்கும்போது, மோட்டார் 40இல்தான் ஓட்டத்தைத் தொடங்குகிறது. குளிர் நாட்டுக்காரர்கள் இணையத்தில் போடும் கரன்ட் அளவுகளை அப்படியே எடுத்து இங்கே போடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

ஃபீல்டு வீக்கனிங் பூஜ்ஜியத்திலேயே இருக்கட்டும். அது டாப் ஸ்பீடுக்கான வசதி, கூடவே காயிலுக்குச் சூட்டையும் கொடுக்கும். அந்த வேகத்தில் கன்ட்ரோலர் திடீரென்று அணைந்தால், மோட்டார் உண்டாக்கும் வோல்ட் பேட்டரியை மிஞ்சிக் கெப்பாசிட்டரை உடைக்கலாம். வேக எல்லையை ஆர்.சி.க்கு ஏற்ற அளவில் பூட்டுங்கள். ரீஜென் பிரேக்கை (பிரேக் போடும்போது மோட்டாரே பேட்டரிக்குக் கரன்ட்டைத் திருப்பும் வசதியை) மிதமாக வையுங்கள். முழு சார்ஜோடு கிளம்பியவுடன் ரீஜென் வந்தால் பி.எம்.எஸ். மேல் எல்லையில் துண்டிக்கும். ஆக்சிலும் முன்னும் பின்னும் முறுக்குண்டு நட்டு தளரும்.

பேட்டரி

கேபிளைச் சரிசெய்த பிறகும் பேட்டரி முனையிலேயே 6, 7 வோல்ட் விழுந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. லெட் ஆசிட்டிலிருந்து எல்எஃப்பிக்கு (லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிக்கு) மாறுவது, பணம் இருந்தால், மொத்த வேலையிலும் அதிகப் பலன் தருவது. 12 வோல்ட் பேட்டரி ஐந்தின் எடை போய், அதில் பாதிக்கும் குறைவான எடை வரும், லோடில் வோல்ட்டும் நிற்கும். ஆனால் செல்லை வாங்கி வீட்டில் நீங்களே கோக்காதீர்கள். ஏஐஎஸ் 156 என்ற பேட்டரிப் பாதுகாப்புச் சோதனைச் சான்று காட்டும் தயாரிப்பாளரிடம் முழு பேக்காக வாங்குங்கள். லேப்டாப்பிலிருந்து கழற்றிய செல் என்று யாராவது மலிவாகத் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

60 வோல்ட் வண்டிக்கு 20 செல் வரிசை எல்எஃப்பி பொருந்தும்: சராசரி 64, முழு சார்ஜ் 73 வோல்ட். பழைய லெட் ஆசிட் சார்ஜரும் ஏறக்குறைய அதே 73ஐத் தொடுவதால் அதையே பயன்படுத்தலாம் என்று தோன்றும். கூடாது. அது நிரம்பிய பிறகும் ஃப்ளோட் வோல்ட்டை விடாமல் கொடுத்துக்கொண்டிருக்கும், சிலவற்றில் சல்ஃபேட் நீக்கும் துடிப்பும் உண்டு. எல்எஃப்பிக்கான சார்ஜரையே வாங்குங்கள். கன்ட்ரோலரின் குறைந்த வோல்ட் எல்லையையும் 52.5லிருந்து 56க்கு ஏற்றுங்கள், செல்லுக்கு 2.8 வோல்ட் வரும்.

சார்ஜ் போடும் இடத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஹவுசிங் போர்டு குடியிருப்புகளில் படிக்கட்டின் அடியிலும் நடைபாதையிலும் வண்டியை நிறுத்தி இரவெல்லாம் சார்ஜ் போடுகிறார்கள். தீப்பிடித்தால் மேல்மாடியில் இருக்கிற அத்தனை பேருக்கும் இறங்கும் ஒரே வழி அதுதான். வாசலையும் படியையும் விட்டு விலகிய திறந்த இடத்தில், விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள். ஓட்டி வந்த பேட்டரியை அரை மணி நேரமாவது ஆறவிட்டுப் பிறகு மாட்டுங்கள். உப்பிய பேக், இனிப்பான கரைப்பான் வாசம், ‘உஸ்’ என்ற சத்தம் எது வந்தாலும் ஆட்களை வெளியேற்றி 101ஐ அழையுங்கள், பேக்கைத் தூக்கி ஓடாதீர்கள்.

மழைக்கு முன்

அக்டோபருக்குள் இதை முடித்துவிடுங்கள். கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற இடங்களில் தண்ணீர் தேங்கினால் சுற்றிப் போவதுதான் சரி. ஓடிச் சூடான ஹப் மோட்டார் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அந்த உறிஞ்சலில் ஆக்சில் துளை வழியாகவும் பேரிங் சீல் வழியாகவும் தண்ணீர் உள்ளே போகும். இரண்டு வாரத்தில் ஹால் சென்சார் துருப்பிடித்து வண்டி விட்டுவிட்டு இழுக்கும். தண்ணீரில் இறங்கிய மோட்டாரை ஓட்டிக் காயவைக்க முடியாது, திறந்துதான் துடைக்க வேண்டும்.

மோட்டார் கேபிள் ஆக்சிலைவிட்டு வெளியே வந்ததும் ஒருமுறை கீழே தொங்கி, பிறகு மேலே ஏறட்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும், துளைக்குள் போகாது. கன்ட்ரோலரைக் கனெக்டர் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டுங்கள். அதன் அலுமினிய முதுகு காற்றுபடும் பக்கம் இருக்க வேண்டும், சீட்டுக்கடியில் துணி சுற்றி வைப்பது அதை வேகவைப்பதாகும். கடலோரம் ஓடும் வண்டியை வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் மெதுவாகக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் பிரஷர் பைப்பை ஆக்சில் பக்கம் காட்ட விடாதீர்கள்.

சோதனை ஓட்டம்

முதல் ஓட்டம் விடியற்காலையில், தனியாக, 3 கி.மீ.க்குள். திரும்பி வந்து எம்.சி.பி.யை அணைத்த பிறகு ஒவ்வொரு லக்கின் மேலும் புறங்கையை அருகே கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றதைவிடச் சூடாக இருந்தால் அந்த கிரிம்ப் சரியில்லை, வெட்டி எறிந்து புதிதாக அடியுங்கள். ஆக்சில் நட்டுக்கும் டார்க் ஆர்முக்கும் குறுக்கே பெயின்ட்டில் ஒரு கோடு போடுங்கள். கோடு விலகியிருந்தால் ஆக்சில் அசைகிறது.

இரண்டாவது ஓட்டத்தில் ஆள் ஏற்றி, முன்பு அளந்த அதே பாலத்தில் அதே மீட்டரை மாட்டி ஏறுங்கள். கன்ட்ரோலர் முனையில் முன்பு 57 காட்டிய இடத்தில் பழைய பேட்டரியோடே 58.5 வந்தால் கேபிள் வேலை முடிந்தது. மோட்டார் வெப்பம் பாலத்தின் உச்சியில் 90க்குள் நிற்க வேண்டும். தாண்டினால் ஃபேஸ் கரன்ட்டை ஒரு படி இறக்குங்கள். 100 கி.மீ. ஓடிய பிறகு எல்லா முனை போல்ட்டையும் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். புது லக் அழுந்தி உட்கார்வதால் கால் திருகு இடம் கொடுக்கும்.